சிகரெட்டுக்காக எழுதிய சட்டமும் ஹூக்காவின் புகையும்

ஏ9 வீதியோரம் ஒரு கட்டடம் பூச்சு முடிந்து நின்றால், அது என்னவாகப் போகிறது என்பது ஒரு வாரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். வங்கிக் கிளையா, உடுப்புக் கடையா, கலியாண மண்டபமா என்பதைத் தேநீர்க் கடையிலேயே பேசி முடித்துவிடுவார்கள். அண்மைக் காலமாக இந்தப் பேச்சில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஹூக்கா நிலையம் வரப்போகிறதாம். ஷீஷா என்றும் சொல்கிறார்கள். வவுனியாவில் என்கிறார் ஒருவர், கிளிநொச்சியில் என்கிறார் இன்னொருவர். வெளிநாட்டிலிருந்து வந்த பணம் என்று மூன்றாமவர் அடித்துச் சொல்கிறார்.

இப்படி ஒரு செய்தி வந்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பிள்ளைகள் கெட்டுக் குட்டிச்சுவராகிவிடுவார்கள் என்று ஒரு பக்கம் கொதிக்கிறது. கொழும்பில் இருக்கலாம், வன்னியில் மட்டும் இருக்கக் கூடாதா, எத்தனை காலத்துக்கு இந்த மண் பின்தங்கியே கிடப்பது என்று மறுபக்கம் கேட்கிறது. இரண்டிலும் உண்மையான உணர்ச்சி இருக்கிறது. ஆனால் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது, அதன் புகையை யார் சுவாசிக்கிறார்கள், நமது சட்டம் அதை எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த இடத்தில் நழுவவிடுகிறது என்பதை இரண்டு பக்கமும் பேசுவதில்லை. முடிவெடுக்க வேண்டிய பிரதேச சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தேவைப்படுவது அந்த விவரங்கள்தான்.

ஹூக்கா புதிய பொருளல்ல. முகலாயப் பேரரசர் அக்பரின் அவையில் இருந்த மருத்துவர் ஒருவர், புகையைத் தண்ணீருக்குள்ளால் இழுத்தால் கெடுதல் குறையும் என்று எண்ணி இதை உருவாக்கினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்த எண்ணம் நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் சாகவில்லை. ஆனால் இன்று உலகெங்கும் நிலையங்களில் கொடுக்கப்படும் ஹூக்காவுக்கு வயது குறைவு. வெல்லப்பாகு, கிளிசரின், பழச் சுவை சேர்த்துப் பிசைந்த ஈரப் புகையிலை 1990களில் எகிப்திலிருந்து சந்தைக்குப் பரவலாக வந்தது. அதுவரை முதியவர்களின் பழக்கமாகத் தேய்ந்துகொண்டிருந்த ஹூக்கா, ஆப்பிள், புதினா, திராட்சை வாசனையோடு இருபது வயதுக்காரரிடம் போய்ச் சேர்ந்தது.

கருவி எளிமையானது. மேலே மண் கிண்ணம், அதற்குள் புகையிலை. கிண்ணத்தின் வாயை அலுமினியத் தாளால் மூடித் துளையிடுவார்கள். தாளின் மேல் தணலான கரித்துண்டுகள். கீழே தண்ணீர்க் குடுவை, அதிலிருந்து நீளும் குழாய். இழுக்கும்போது கரியின் சூடு துளைகளின் வழியே இறங்கிப் புகையிலையைக் கருக்க, அந்தப் புகை தண்ணீரில் குமிழியிட்டுக் குளிர்ந்து வாய்க்கு வருகிறது. சிகரெட் தானாக எரியும். ஹூக்காவிலோ புகையிலையைச் சூடாக்க வெளியிலிருந்து கரி வேண்டும். கரியும் சேர்ந்தே எரிகிறது, அதன் புகையும் சேர்ந்தே உள்ளே போகிறது. இந்தக் கரியைப் பற்றி விற்பவர்கள் பேசமாட்டார்கள், வாங்குபவர்கள் கேட்கமாட்டார்கள்.

பின்கட்டில் நடப்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். அடுப்பில் கரிக்கட்டிகள் சிவந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் அவை தேங்காய்ச் சிரட்டைக் கரியை அரைத்து அழுத்திச் செய்த சதுரத் துண்டுகள். வேலைக்கு நிற்கும் இளைஞன் அவற்றை இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தின் மேல் அடுக்குவான். பிறகு குழாயைத் தன் வாயில் வைத்து நாலைந்து முறை ஆழமாக இழுப்பான். புகை கெட்டியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு, வாய்முனையை மாற்றி வாடிக்கையாளரின் மேசைக்குக் கொண்டுபோவான். பல நிலையங்களில் இதுதான் வழக்கம். ஒரு இரவில் எத்தனை மேசையோ அத்தனை முறை. இடையில் கரி சாம்பலானதும் மாற்றிக் கொடுப்பதும் அவன் வேலை. வாடிக்கையாளர் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். அவன் நள்ளிரவு வரை அந்த அறையில் நிற்பான். வன்னியில் ஒரு நிலையம் திறந்தால் அந்த வேலைக்குப் போகப்போவது நம்முடைய பிள்ளைதான். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி, வீட்டுக்கு ஒரு சம்பளம் கொண்டுவர வேண்டியவன். ஊர்ப் பேச்சில் வாடிக்கையாளர்களைப் பற்றிக் கவலைப்படுகிறோம். இவனைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

எவ்வளவு புகை என்று கேட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் 2005 ஆம் ஆண்டின் ஆலோசனைக் குறிப்பு விடை தருகிறது. சிகரெட் பிடிப்பவர் ஐந்து முதல் ஏழு நிமிடத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை இழுத்து, ஏறக்குறைய அரை லீற்றர் புகையை உள்வாங்குகிறார். ஹூக்காவின் முன் இருப்பவர் 20 முதல் 80 நிமிடம் வரை இருந்து 50 முதல் 200 முறை இழுக்கிறார். ஒவ்வொரு இழுப்பும் 0.15 லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இன்னும் துல்லியமாகச் சொன்னது. ஒரு சிகரெட்டோடு ஒப்பிடும்போது ஒரு ஹூக்கா அமர்வில் புகையின் அளவு 125 மடங்கு, தார் 25 மடங்கு, காபன் மொனொக்சைட் 10 மடங்கு, நிக்கோட்டின் இரண்டரை மடங்கு. இதை வைத்து ஒரு ஹூக்கா நூறு சிகரெட்டுக்குச் சமம் என்று சுவரொட்டி அடிப்பது சரியாகாது. சிகரெட் பிடிப்பவர் ஒரு நாளில் பத்து, இருபது பிடிப்பார், ஹூக்காவுக்குப் போகிறவர் மாதத்தில் இரண்டு முறை போவார். ஒப்பீடு அவ்வளவு நேராக அமையாது என்பதை அந்த ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் "சிகரெட்டை விட இது பரவாயில்லை" என்ற நம்பிக்கைக்கு அந்த எண்களில் எந்த இடமும் இல்லை.

தண்ணீர் புகையைக் குளிர்விக்கிறது. நிக்கோட்டினில் ஒரு சிறு பகுதியைப் பிடித்து வைக்கிறது. தாரையும் காபன் மொனொக்சைட்டையும் அது வடிகட்டுவதில்லை. குளிர்ந்த புகை தொண்டையைச் சுடாததால் இன்னும் ஆழமாக இழுக்க முடிகிறது. சிகரெட்டில் இருமல் வந்து தடுக்கும் இடத்தில், இங்கே பழ வாசனை வந்து வரவேற்கிறது.

காபன் மொனொக்சைட்டைப் பற்றி நின்று நிதானித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் மூச்சு தாராளமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மூளைக்கும் இதயத்துக்கும் ஒட்சிசன் குறைகிறது. தலை கிறுகிறுக்கும், வலிக்கும், குமட்டும், சிலர் மயங்கி விழுவார்கள். முதலில் வரும் அந்தக் கிறுகிறுப்பைத்தான் புதிதாகப் போகிறவர்கள் ஹூக்காவின் சுகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கரிதான் இதன் முதல் மூலம். கருவுற்ற பெண் அந்த அறையில் வேலை செய்தாலோ, பக்கத்து மேசையில் இருந்தாலோ, சிசுவுக்குப் போகும் ஒட்சிசனும் சேர்ந்தே குறைகிறது.

இன்னொரு செய்தியை இளைஞர்களும் அவர்களை வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுகிறவர்களும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கொவிட் காலத்துக்குப் பிறகு விரலில் மாட்டும் ஒட்சிமானி பல வீடுகளில் இருக்கிறது. ஹூக்கா இருந்த இடத்தில் மயங்கியவரின் விரலில் அதை மாட்டினால் 98 என்று காட்டக்கூடும். சாதாரண ஒட்சிமானியால் ஒட்சிசன் ஒட்டிய ஈமோகுளோபினையும் காபன் மொனொக்சைட் ஒட்டிய ஈமோகுளோபினையும் பிரித்தறிய முடியாது. இலக்கம் நன்றாக இருக்கிறது என்று அவரை வீட்டில் படுக்க வைத்துவிடக் கூடாது. உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, வைத்தியசாலையில் முதல் வார்த்தையாக "ஹூக்கா அறையில் இருந்தார்" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வைத்தியரின் சிகிச்சையை மாற்றும். வெட்கப்பட்டு அதை மறைப்பது உயிருக்கு ஆபத்து.

சட்டத்துக்கு வருவோம். புகையிலைக் கட்டுப்பாட்டில் இலங்கை பின்தங்கிய நாடு அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை 2003 நவம்பரிலேயே ஏற்று உறுதி செய்த நாடு. தென்கிழக்காசிய வலயத்தில் அதுவே முதலாவது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை உருவாக்கியது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, விளம்பரம் கூடாது, அனுசரணை கூடாது, மூடிய பொது இடத்தில் புகைக்கக் கூடாது, புகைக்க இடமளிக்கவும் கூடாது என்று அது சொல்கிறது. சட்டத்தில் இருப்பது "புகையிலைப் பொருள்" என்ற சொல். எனவே புகையிலை போட்ட ஹூக்காவும் அதற்குள் வரும். இந்த அளவில் சட்டம் தெளிவு.

ஆனால் அதன் மேல் அடுக்கடுக்காக வந்த பாதுகாப்புகள் எல்லாம் சிகரெட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 2015 முதல் சிகரெட் பெட்டியின் 80 சதவீதத்தை நோயுற்ற நுரையீரலும் வாயும் காட்டும் படங்கள் மூடியிருக்கின்றன. சிகரெட் நிறுவனம் நீதிமன்றம் வரை போய் எதிர்த்தும் வென்றெடுத்த பாதுகாப்பு அது. ஹூக்கா நிலையத்தில் பெட்டி பின்கட்டிலேயே பிரிக்கப்படுகிறது. மேசைக்கு வருவது கண்ணாடிக் குடுவையும் வண்ணக் குழாயும் மட்டும். அந்தப் படத்தை வாடிக்கையாளர் ஒருபோதும் பார்க்கமாட்டார். 2016 இல் வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதி சுவையூட்டிய, இனிப்பூட்டிய, நிறமூட்டிய சிகரெட்டுகளைத் தடை செய்தது. பிள்ளைகளைச் சுவை காட்டி இழுக்கக் கூடாது என்பதே நோக்கம். அந்த வாசகம் சிகரெட் என்ற சொல்லைச் சுற்றியே நிற்கிறது. முழுக்க முழுக்கச் சுவையாலேயே விற்கப்படும் ஹூக்காப் புகையிலையோ சுங்க அட்டவணையில் 2403.11 என்ற தனி இலக்கத்தோடு உலகெங்கும் பயணம் செய்யும் வேறு சரக்கு. வயது விதியும் அப்படித்தான். அது வாங்குபவரின் வயதைப் பார்க்கிறது. பற்றவைத்துக் கொடுக்கிறவனின் வயதைப் பார்ப்பதில்லை. இலங்கையில் 16 வயதில் வேலைக்குச் சேரலாம். காசு கொடுத்து ஒரு சிகரெட் வாங்க முடியாத வயதில் இருப்பவன் இரவு முழுவதும் பத்துப் பேரின் ஹூக்காவை இழுத்துப் பார்த்துக் கொடுக்கும் நிலை வந்தால், அதைக் கேட்க இந்தச் சட்டத்தில் எந்த வாசகத்தைக் காட்டுவது?

அடுத்தது, சட்டமே விட்டுவைத்த வாசல். 30 அறைகளுக்குக் குறையாத ஹோட்டலும் 30 பேருக்குக் குறையாமல் இருந்து சாப்பிடக்கூடிய உணவகமும் விமான நிலையமும், காற்றோட்டம் உள்ள தனி இடம் ஒதுக்கினால் அங்கே புகைக்கலாம். வன்னி நகரங்களில் 30 அறை ஹோட்டல்கள் குறைவு. ஆனால் 30 நாற்காலி போடுவது எந்த முதலாளிக்கும் பெரிய விஷயமல்ல. முன் மண்டபத்தில் நாற்காலியும் கொத்து ரொட்டியும், பின்னால் "தனி இடம்" என்று ஹூக்கா அறையும் வைத்தால் காகிதத்தில் எல்லாம் சரி. சாப்பிட வந்தவர் எழுந்து போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வருவதற்காகக் கொடுத்த சலுகை அது. புகைப்பதையே தொழிலாகக் கொண்ட ஓர் அறைக்கு அந்தச் சலுகையை நீட்டுவது சட்டத்தின் நோக்கத்தைக் கவிழ்ப்பதாகும் என்பது என் உறுதியான கருத்து.

காற்றோட்டம் என்பதையும் எளிதில் நம்பிவிட முடியாது. குளிரூட்டி அறையின் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. மின்விசிறி இந்த மூலையின் புகையை அந்த மூலைக்குத் தள்ளுகிறது. சமவாயத்தின் 8 ஆவது உறுப்புரைக்கான வழிகாட்டல்கள் 2007 இல் பாங்கொக்கில் ஏற்றுக்கொள்ளப்பட்டபோது, காற்றோட்டமோ வடிகட்டியோ புகைப்பதற்கான தனி அறையோ பிறரைப் பாதுகாக்காது என்று பச்சையாகவே எழுதினார்கள். நமது சட்டம் அதற்கு ஒரு வருடம் முந்தியது. இந்த விலக்குப் பிரிவு சர்வதேச அளவுகோலுக்குப் பின்னால் நின்றுவிட்டது அப்படித்தான்.

வன்னிக்கே உரிய இன்னொரு சிக்கல், நிலத்தின் விசாலம். கொழும்பில் மூன்றாம் மாடியில் அறை எடுக்கிறவர் இங்கே அரை ஏக்கர் வளவு எடுப்பார். மா மரத்தின் கீழ் கிடுகுக் கொட்டில் நாலு போட்டு, சுவரில்லாமல் விளக்குத் தொங்கவிட்டால் அது "மூடிய பொது இடமா" என்ற வாதம் தொடங்கிவிடும். புகை அந்த வாதத்துக்காகக் காத்திராமல் வேலி தாண்டிப் போகும். பக்கத்து வளவில் தனியார் கல்வி நிலையமோ, ஈளை நோயுள்ள முதியவர் படுக்கும் திண்ணையோ இருக்கலாம். கிடுகும் தணலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதன் ஆபத்தை வன்னியின் சோளகக் காற்றை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை "மூலிகை ஹூக்கா". எங்களுடையதில் புகையிலையே இல்லை, மூலிகையும் பழமும்தான் என்று சொன்ன நொடியில் 2006 ஆம் ஆண்டுச் சட்டம் கை தளர்ந்துவிடுகிறது. அது புகையிலையைப் பற்றிய சட்டம். உடம்புக்கு அந்த வேறுபாடு தெரியாது. புகையிலை இல்லாத ஹூக்காவிலும் அதே கரி, அதே காபன் மொனொக்சைட், எரியும் கிளிசரினிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் வரும் அதே நச்சுப் பொருட்கள். குறைவது நிக்கோட்டின் மட்டும்தான். அதுவும் சொன்னது உண்மையாக இருந்தால். உண்மையா என்று மூக்கால் சொல்ல முடியாது. மாதிரி எடுத்து அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பித்தான் அறிய வேண்டும். அறிக்கை வரும்வரை வியாபாரம் நடக்கும்.

அப்படியானால் கையில் எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உள்ளூர்ச் சபைக்கு வியாபார அனுமதிப்பத்திரம் கொடுக்கவும் துணைவிதிகள் இயற்றவும் அதிகாரம் தருகிறது. உணவகத்துக்கென்று கேட்ட அனுமதிப்பத்திரத்தில் ஹூக்கா நடத்தினால் அதை இரத்துச் செய்யும் வழி சபைக்கு உண்டு. புகை அயலாருக்குத் தொல்லையானால் 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றம் தொல்லையை நீக்கக் கட்டளையிடலாம். இதற்குப் புகையிலையா மூலிகையா என்ற கேள்வியே எழாது. மூலிகை என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிய நினைப்பவருக்கு எதிராக ஊரிடம் உள்ள பலமான கருவி இதுதான் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி ஊரில் ஏன் பேச்சே இல்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்து 2025 மே 6 தேர்தல் வரை செயலாளர்களே அவற்றை நடத்தினார்கள். அந்த இரண்டு வருடத்தில் ஓர் அனுமதிப்பத்திரம் ஏன் கொடுக்கப்பட்டது என்று கேட்க வட்டார உறுப்பினர் ஒருவர்கூட இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். கரைச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் வவுனியா வடக்கிலும் மக்கள் வாக்களித்து அனுப்பியவர்கள் மாதந்தோறும் கூடுகிறார்கள். ஹூக்கா பற்றித் தெளிவான துணைவிதி ஒன்றை முதல் நிலையம் திறப்பதற்கு முன்பே கொண்டுவருவது எளிது. திறந்த பிறகு கொண்டுவந்தால், போட்ட முதலுக்கு யார் பொறுப்பு என்று முதலாளி நீதிமன்றம் போவார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கும்.

எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. தமிழ்நாடு 2022 இல் தனிச் சட்டத் திருத்தமே கொண்டுவந்து ஹூக்கா நிலையங்களைத் தடை செய்தது. ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். சட்டமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்ற சட்டம் அது. மாறாக, கென்யா 2017 டிசம்பரில் சுகாதார அமைச்சின் ஒழுங்குவிதி ஒன்றால் ஷீஷாவைத் தடை செய்தது. 2024 ஜனவரியில் மொம்பாசாப் பக்கத்து நீதிமன்றம் ஒன்று, அந்த விதி உரியபடி பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படவில்லை என்று கூறிக் கைதானவர்களை விடுவித்தது. நோக்கம் நல்லதாக இருந்தும் நடைமுறை பிசகியதால் வழக்கு நிற்கவில்லை. ஊர்க் கூட்டத்தில் கைதட்டலோடு எடுத்த தீர்மானத்தை மட்டும் நம்பியிருக்கும் சபைகள் இதைக் கவனிக்க வேண்டும். துணைவிதி வர்த்தமானி வரை போக வேண்டும்.

"அப்பு சுருட்டுக் குடிக்கவில்லையா, ஆச்சி புகையிலை போடவில்லையா, இது மட்டும் என்ன புதிதாக?" என்ற கேள்வியும் வரும். வரத்தான் வேண்டும். யாழ்ப்பாணப் புகையிலையும் சுருட்டும் வடக்கின் பொருளாதாரத்தையே சில தலைமுறைகள் தாங்கின. பழைய நாட்களில் ஆச்சிமாரும் சுருட்டுப் பிடித்தது உண்டு. அதன் விலையை நாம் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் நிற்பது வாய், தொண்டைப் பகுதிப் புற்றுநோய். வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலை அதன் முக்கிய காரணம். முல்லைத்தீவின் கரையோரக் கிராமத்திலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ மகரகமவுக்கோ விடியப்புறப் பஸ் பிடித்துப் போய்வரும் நோயாளியின் வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள். பழையது இருந்தது என்பதால் புதியதற்கு வழிவிட வேண்டும் என்ற வாதம் அந்த வீட்டில் எடுபடாது.

வேறு ஒரு பெருமூச்சும் கேட்கிறது. விடுதலைப் புலிகள் இயக்கத்தின் காலத்தில் இதெல்லாம் தலைகாட்டியிருக்குமா என்று. இயக்க உறுப்பினர்களுக்குப் புகையும் மதுவும் தடை என்பது இங்கே எல்லோரும் அறிந்தது. ஆயினும் இன்று இது ஆணையால் தீரும் காரியம் இல்லை. எழுதிய சட்டம், விண்ணப்பம், ஆட்சேபனை, வழக்கு என்ற வழியில்தான் தீரும். அந்த வழியைப் பயன்படுத்தப் பழகாமல் பழைய நாளை நினைத்து ஏங்குவதால் ஒரு கரித்துண்டும் அணையப்போவதில்லை.

இளைஞர்களின் பக்கத்தையும் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் அந்தப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து இருந்து பேச ஓர் இடம் சொல்லுங்கள். நூலகம் பூட்டிவிடும். விளையாட்டுத் திடலில் விளக்கு இராது. இரணைமடுக் கட்டில் இருந்தால் ஏன் இருக்கிறாய் என்று கேட்க ஆள் வரும். ஹூக்கா நிலையம் விற்பது புகையை மட்டுமல்ல. மெத்தை இருக்கை, மங்கிய வெளிச்சம், பாட்டு, எழுந்து போ என்று சொல்லாத ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் சேர்த்தே விற்கிறது. அந்தத் தேவை உண்மையானது. தேநீரும் புத்தகமும் சதுரங்கப் பலகையும் வைத்து இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் ஒரு கடைக்கு அனுமதிப்பத்திரக் கட்டணத்தைக் குறைத்துக் கொடுக்க எந்தச் சபையாவது முன்வந்தால், அதை நான் முழு மனதோடு வரவேற்பேன்.

இந்தச் சர்ச்சை எந்த ஊரில் எழுந்தாலும், யார் வீட்டுப் பெண் பிள்ளை அங்கே போனாள் என்பதில் போய் முடிவதைக் காண வேதனையாக இருக்கிறது. கைபேசியில் படம் எடுத்துப் பரப்பும் கூட்டம் சுகாதாரத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. புகை ஆணின் நுரையீரலையும் பெண்ணின் நுரையீரலையும் ஒரே மாதிரித்தான் பார்க்கிறது. போதைப்பொருளோடு இதைக் குழப்புவதும் உதவாது. கஞ்சாவும் ஐஸும் வேறு சட்டம், வேறு குற்றம். ஆதாரம் இருந்தால் பொலிஸுக்குப் போக வேண்டும். ஆதாரம் இல்லாமல் ஹூக்கா என்றாலே போதை என்று கத்தினால், முதலாளி ஓர் ஆய்வு அறிக்கையைக் காட்டித் தன் கடை சுத்தம் என்று நிறுவிவிடுவார். கரியும் காபன் மொனொக்சைட்டும் பேச்சிலிருந்து காணாமல் போய்விடும்.

ஒரு விண்ணப்பம் சபைக்கு வந்துவிட்டால் அயலில் இருப்பவர்கள் எழுத்தில் கேட்க வேண்டியவை தெளிவானவை. விண்ணப்பம் உணவகத்துக்கா, ஹூக்காவுக்கா? விலக்குக் கேட்கிறார்களா, அப்படியென்றால் தனி இடத்தின் வரைபடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நேரில் பார்த்துக் கையொப்பமிட்டாரா? கரியை எங்கே மூட்டுவார்கள், அந்தப் புகை எந்தத் திசையில் வெளியேறும்? காபன் மொனொக்சைட்டை அளக்கும் கருவி வைக்கப்படுமா? பற்றவைக்கும் வேலையில் 21 வயதுக்குக் குறைந்தவர் இருப்பாரா? மூலிகை என்றால் எந்தச் சரக்கு, யார் இறக்குமதி செய்தது, பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது? முகப்புத்தகத்தில் சுவைகளின் பெயரைப் போட்டுத் திறப்பு விழாவுக்கு அழைத்திருந்தால் அந்தப் பக்கத்தின் படத்தையும் இணைக்கலாம். புகையிலை விளம்பரம் தடை செய்யப்பட்ட நாடு இது.

கடிதத்தின் ஒரு பிரதி சபைச் செயலாளருக்கும், இன்னொன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் பதிவுத் தபாலில் போக வேண்டும். தேசிய அதிகாரசபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கத்திலும் முறையிடலாம். பதிவுத் தபாலின் துண்டைத் தொலைத்துவிடாதீர்கள். பின்னர் நீதிமன்றம் போக வேண்டி வந்தால், எந்தத் திகதியில் சபைக்கு அறிவித்தீர்கள் என்பதுதான் சட்டத்தரணி உங்களிடம் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.